அழிந்துபோன டிஸ்கில் அம்மாவின் முகம்

"உங்க அம்மா பாக்க எப்படி இருப்பாங்க?" என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண் திறந்த நாளிலிருந்து பார்த்த முகம். வட்ட முகமா, நீள முகமா என்று கேட்கிறார். மூக்கு எப்படி என்கிறார். பக்கத்தில் நின்ற என் அண்ணனைப் பார்த்தேன். அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு பேனாவை வைத்தார்.

"இதெல்லாம் வேணாம்மா. ஒரு போட்டோ குடுங்க, போதும்."

எங்களிடம் போட்டோ இல்லை. அம்மாவின் படம் என்று சொல்ல வீட்டில் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் ஒரு படம் உண்டு. அதை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்கன்னு சொன்னாலும் நம்புவேன், நான்னு சொன்னாலும் நம்புவேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. அது கறுப்பாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. தபால்காரர் வந்தால் பயம். குவைத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வழக்கமான நேரத்தில் போன் பண்ணாவிட்டால் பயம். வேறு நேரத்தில் பண்ணினால், இப்போது ஏன் பண்ணுகிறார் என்று அதற்கும் பயம். இப்படிப்பட்ட ஒருத்தி கையேந்திக் கேட்ட துஆவை அல்லாஹ் எப்படி ஏற்றுக்கொண்டான் என்பதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

அப்போது அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. தொழுத தொழுகையையே மறுபடி தொழுவார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "இன்னிக்கு சோறு ஆக்கலயா?" என்பார். எங்கள் ஊர் திருவாரூருக்குப் பக்கத்தில். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம், சீர்காழியில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போகலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் வண்டி மாற வேண்டும். தூறல் போட்டது. அம்மாவைத் தூண் ஓரமாக நிறுத்திவிட்டு, நாலு எட்டில் இருந்த கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் தூண் மட்டும் நிற்கிறது.

நான் அங்கே எப்படி ஓடினேன், யார் யார் கையைப் பிடித்து இழுத்தேன் என்பது எனக்கே நினைவில்லை. வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒவ்வோர் அம்மாவின் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்த்தேன். எந்த வண்டியில் ஏறினாரோ, யார் ஏற்றிவிட்டார்களோ. சீர்காழிப் பக்கமெல்லாம் சொந்தக்காரர்கள் தேடினார்கள். ஆண்கள் பைக் எடுத்துக்கொண்டு சுற்றினார்கள். ஒரு வாரம் போய்விட்டது. போகிற இடத்தில் எல்லாம் கேட்டது அந்த ஒரே கேள்வி. போட்டோ இருக்கா?

படம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பெண்களைப் படம் எடுக்க மாட்டார்கள். எங்கள் தகப்பனார் அத்தா காலத்திலிருந்து அப்படி. அத்தா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு நானாதான் அதைக் கட்டிக் காத்தார். செல்போனில் கேமரா வந்த பிறகும் எங்கள் வீட்டில் அதைப் பெண்கள் பக்கம் யாரும் திருப்பியதில்லை.

ஒரே ஒரு தடவைதான் விலக்கு. நானாவின் மகள் நிக்காஹ் அன்று. மாப்பிள்ளை ரியாஸ் துபாயில் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய தங்கை, பெண்கள் இருந்த பக்கம் மட்டும் தன் அண்ணன் கேமராவில் படம் எடுத்தாள். வீட்டுப் பெண்கள் மட்டும் பார்ப்பதற்கு என்று பேச்சு. அந்தப் படங்களை எந்த ஸ்டூடியோவிலும் கொடுத்துக் கழுவவில்லை. ரியாஸ் தன்னுடைய ஆப்பிள் லேப்டாப்பில் போட்டுக் காட்ட, நாங்கள் பார்த்துச் சிரித்தோம். பிறகு அவர் எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் ஏற்றி நானாவிடம் கொடுத்துவிட்டார். உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா. நானா அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் துபாய் போய்விட்டார்கள்.

அந்த டிஸ்கின் நினைவு எனக்கு வந்தபோது, அம்மாவே கிடைத்த மாதிரி இருந்தது.

"நானா, அதுல அம்மா இருப்பாங்கல்ல?"

"இருக்கும். ஆனா கடையில எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன். மத்த வீட்டுப் பொம்பளைங்களும் அதுல இருக்காங்க. ஓன் வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்குல்ல, நாமளே பாத்துக்குவோம்."

என் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் துணி போர்த்திக்கொண்டு இருந்தது. நானா டிஸ்கைச் சொருகினார். திரையில் இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. நானா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"இத உபயோகப்படுத்தணும்னா மொதல்ல ஃபார்மட் பண்ணணுமாம்."

"அப்படின்னா என்ன நானா?"

"திறக்கறதுக்குக் கேக்குது புள்ள. பூட்டு மாதிரி."

அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி, ஆமாம் என்பதை அமுக்கினார். பச்சைக் கோடு ஒன்று ஓடியது. "பாரு, திறக்குது" என்றார். கோடு ஓடி முடிந்ததும் வெள்ளையாக ஒரு பக்கம் விரிந்தது. அதில் ஒன்றுமே இல்லை. நானா அதை மூடித் திறந்தார். கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினார். வெள்ளைதான்.

துபாய்க்குப் போன் போட்டோம். ரியாஸ் கேட்ட முதல் கேள்வி, "அது கேட்டதுக்கு என்ன மாமா சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

ரியாஸ் மெதுவாகச் சொன்னார். "அது ஆப்பிள் கம்ப்யூட்டருக்குன்னு தயார் பண்ணுன டிஸ்க் மாமா. உங்க வீட்ல இருக்கறது விண்டோஸ். அதுக்கு இது படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியலன்னா, அழிச்சுட்டு எனக்கேத்த மாதிரி மாத்திக்கவான்னு கேக்கும். வேணாம்னுதான் சொல்லணும்."

"உங்க லேப்டாப்ல இருக்கும்ல மாப்புள்ள?" என்றார் நானா.

"நீங்கதானே மாமா, பொம்பளைங்க படம் ஒண்ணுகூடக் கடல் தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க? கேமராவுலயும் லேப்டாப்லயும் உங்க கண்ணு முன்னாடியேதானே அழிச்சேன்."

நானா போனை என்னிடம் நீட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"மாமி, அழாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க" என்றார் ரியாஸ். "அந்த டிஸ்க்ல இனிமே எதையும் ஏத்தாதீங்க. யாரையும் ஏத்த விடாதீங்க. உள்ள இருந்தது இன்னும் உள்ளேயே இருக்கலாம். அதும்மேல புதுசா எதாவது எழுதுனாத்தான் ஒரேயடியாப் போகும். வெவரம் தெரிஞ்ச யார்கிட்டயாச்சும் காட்டுங்க."

நானா ஒத்துக்கொள்ளவில்லை. "போனது போச்சு. இத வேற தூக்கிக்கிட்டு கடை கடையா அலையணுமா? எவன் எவனோ பாப்பான்" என்று சொல்லிவிட்டு, டிஸ்கைக் கொண்டுபோய் மறுபடி பீரோவில் பூட்டிவிட்டுத் தன் மளிகைக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாரமும் நான் துஆ கேட்காத நேரமில்லை. ஆனால் என்ன கேட்டேன் என்று அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன். அம்மா குளத்தில் விழுந்திருப்பாரோ யா அல்லாஹ், லாரியில் அடிபட்டிருப்பாரோ யா அல்லாஹ், பட்டினி கிடக்கிறாரோ யா அல்லாஹ். என் பயங்களை ஒவ்வொன்றாக அவனிடம் ஒப்பித்திருக்கிறேன். இன்னது வேண்டும் என்று கேட்கவே இல்லை. மறுபடி நெற்றியைத் தரையில் வைத்தேன். "யா ரப்பே, என் தாயின் முகத்தைக் காட்டிக் கொடு. நான் எழுந்து போகிறேன். எங்கே போக வேண்டுமோ அங்கே நீ கொண்டுபோய் விடு" என்று கேட்டேன். அழுகை வந்தது. ஆனால் அது வேறு அழுகை.

நேரே நானாவின் கடைக்குப் போனேன். ஓர் அம்மாவுக்குத் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, பீரோ சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"டிஸ்க எடுத்துக்கிட்டு திருவாரூர் போறேன்."

"பைத்தியமா புள்ள ஒனக்கு? அம்மாவ கண்டவன்லாம் பாக்கறதா?"

என் வாழ்நாளில் நானாவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். "அம்மா எங்கயோ யார் வீட்டு வாசல்லயோ ஒக்காந்திருக்காங்க. போறவன் வர்றவன் எல்லாம் அவங்களப் பாக்கறான். ஊரே பாக்குது நானா. நாம மட்டும்தான் பாக்கல."

தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது. நானா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "கையவிட்டு எறக்காத" என்றார்.

மறுநாள் காலை டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் குலுங்கினால் படம் கலங்கிவிடுமோ என்று, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் கையில் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த பெண், "முட்டையாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் போன கடையில் இருந்தவர் கையில்கூட வாங்கவில்லை. "ஃபார்மட் பண்ணியாச்சுன்னா அவ்ளோதாம்மா. புதுசு ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். அடுத்த கடையில் இருந்தவர் நல்ல மனுஷர், உடனே வாங்கிச் சொருகினார். "இதுலயே ஒரு சாஃப்ட்வேர் ஏத்தி ஓட்டிப் பாக்கலாம்" என்றார். ஏத்தி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏத்தக் கூடாதுங்க."

"ஏம்மா, நான் பதினஞ்சு கம்ப்யூட்டர் வச்சிருக்கேன்."

"இருக்கட்டுங்க. குடுத்துடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். என் பயத்தால் எனக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

அதற்குள் மதியத் தொழுகையான லுஹர் நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல் பக்கத்தில் இல்லை. எதிரே ஒரு மாடியில் பெண்களுக்கான தையல், கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் என்று பலகை தெரிந்தது. பெண்கள் இருக்கிற இடமாயிற்றே, ஓரமாகத் தொழுதுகொள்ளக் கேட்போம் என்று ஏறினேன். கம்ப்யூட்டர் வேலைக்காக நான் அங்கே ஏறவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொழுவதற்குத்தான் ஏறினேன்.

அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற செல்வி டீச்சர் ஒரு சின்ன வகுப்பறையைத் திறந்துவிட்டார். கை, கால், முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் காட்டினார். தொழுது முடித்து வெளியே வந்தபோது, "என்னக்கா, ரொம்ப நேரம் கையேந்திக்கிட்டு இருந்தீங்க. எதாவது கஷ்டமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஃபார்மட் ஆனதுக்கு அப்புறம் எதுவும் ஏத்தலயே?"

"இல்லங்க. ஏத்த விடல."

"அப்ப பாக்கலாம். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. ஆனா பாக்காம விட மாட்டேன்."

அவர்கள் நிலையத்தில் சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் போடாமல், லினக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கிற இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். ஆப்பிளுக்குத் தயார் செய்த டிஸ்கையும் அதில் போட்டுப் பார்க்கலாம் என்றார். முதலில் டிஸ்கில் உள்ளதை அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுப்பாராம். தேடுவதெல்லாம் நகலில்தானாம். "ஒங்கது தொடாம அப்படியே இருக்கும்" என்றார். பெண்கள் படம் என்று நான் இழுத்தபோது, அவரே வகுப்பறைக் கதவைச் சாத்தினார். "இந்த ரூம்ல நான் மட்டும்தான். நகல் எடுக்க விடியற வரைக்கும்கூட ஆவும். ஓடவிட்டுட்டு நீங்களே பூட்டி, சாவிய எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்கு நீங்க வந்து திறந்தாத்தான் நானும் உள்ள வருவேன்."

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் வகுப்பறைச் சாவியைக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் திறந்து, இருவரும் உட்கார்ந்தோம். தேடுதல் தொடங்கிக் கொஞ்ச நேரம் வரை ஒன்றும் வரவில்லை. டீச்சர் நகத்தைக் கடித்தார். நான் மனசுக்குள் அல்லாஹ்வை நினைத்துத் திக்ர் செய்துகொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு மருதாணிக் கை வந்தது. பிறகு ஒரு பெரிய சஹன் தட்டில் பிரியாணி. பிறகு அழுகிற குழந்தை. டீச்சர் என் தொடையில் தட்டினார். "வருதுக்கா, வருது!"

படங்கள் வந்தன. ஆனால் பெயரும் இல்லை, வரிசையும் இல்லை. எல்லாம் கலைந்து கிடந்தன. சிலது பாதி, சிலது கோடு கோடாக. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்த்தோம். அம்மா வந்தார், நிறைய தடவை வந்தார். ஆனால் எந்தப் படத்திலும் முகம் இல்லை. கேமராவைக் கண்டதும் துப்பட்டியை இழுத்து மூடியிருக்கிறார். ஒன்றில் முதுகு. ஒன்றில் உள்ளங்கை மட்டும். ஒன்றில், படம் எடுக்கிற பெண்ணைத் துரத்துகிற மாதிரி ஒரு முழங்கை.

"என்னக்கா, ஒங்க அம்மாவுக்குக் கேமரா மேல இவ்ளோ கோவமா?" என்றார் டீச்சர். இருவரும் சிரித்துவிட்டோம். மதியமாகிவிட்டது. டீச்சர் வகுப்பெடுக்கப் போய்விட்டு வந்தார். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. சுட்டியை எப்படி அமுக்குவது என்று அவர் காட்டியிருந்தார். அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். விரல் மரத்துப் போனது. முடிந்துபோனால் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம். இருந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

பிறகு அது வந்தது.

மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டு, பெண்ணின் வாயில் சர்க்கரை வைப்பதற்காகக் கையைத் தூக்கியிருக்கிற நேரம். கேமரா இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தப் படத்தின் மேல்பாகம் மட்டும்தான் திரும்பக் கிடைத்திருந்தது. அம்மாவின் கழுத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறமாக அழிந்துபோயிருந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் நின்றவர்கள்கூட இல்லை. அம்மாவின் முகம், பின்னால் சுவர், அதற்குக் கீழே வெறும் சாம்பல்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி அங்கேயே தரையில் நெற்றியை வைத்து ஸுஜூதில் விழுந்தேன். செல்வி டீச்சர் வேறு மதத்தவர். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு படத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, நகலை டீச்சரை அழிக்கச் சொல்லிவிட்டு, நானாவின் கடைக்குப் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுல மத்த பொம்பளைங்கள்லாம்?"

"இல்ல நானா. நமக்கு எது வேணுமோ அத மட்டும் அல்லாஹ் குடுத்திருக்கான். மத்தவங்கள அவனே மறைச்சுட்டான்."

நானா கல்லாவிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அத்தா மௌத்துக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அன்று மாலையே நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தவர் நானாதான். மைதா பசையை அவரே காய்ச்சினார். அம்மா முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்றவர், திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று பேருந்து நிலையம் பேருந்து நிலையமாகப் போய், வண்டிக்குள் எல்லாம் அந்த முகத்தை ஒட்டினார். ஒரு கண்டக்டர், "பாய், டிரைவர் கண்ணாடிய மட்டும் விட்டு வைங்க, ரோடு தெரியணும்ல?" என்றாராம். அதை அவரே வீட்டில் வந்து சொன்னார்.

ரெண்டு நாள் கழித்துப் போன் வந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"இந்த நோட்டீஸ்ல இருக்கற அம்மா எங்க வீட்லதாங்க இருக்காங்க. இதுல சிரிக்கறாங்க, இங்க சிரிக்கல. அதான் எங்க வீட்டுக்காரரு வேற ஆளா இருக்கும்னாரு. நான்தான் அதே மூக்கு, அதே கண்ணுன்னு சொல்லி, பஸ்லேர்ந்து நோட்டீஸக் கிழிச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். கோச்சுக்காதீங்க."

நாங்கள் தேடியது சீர்காழிப் பக்கம். அம்மா இருந்தது நேர் எதிர்த் திசையில்.

போன் செய்தவர் பெயர் மாலதி. கணவனும் மனைவியும் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர்கள். மழையில் நனைந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். துப்பட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. மாலதி தன் புடவையைக் கட்டிவிட்டிருக்கிறார். வெள்ளைத் துப்பட்டி என்று நான் சொன்ன அடையாளம் அதனால்தான் எந்தக் காவல் நிலையத்திலும் பொருந்தவில்லை. பெயர் கேட்டதற்கு அம்மா தன் தாயாரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஊர் கேட்டதற்குப் பிறந்த ஊரான நாகூரைச் சொல்லியிருக்கிறார். அவர்களும் போலீசில் சொல்லி, நாகூருக்கு ஆள் விட்டு விசாரித்து, யாரும் இல்லை என்று திரும்பியிருக்கிறார்கள். அம்மாவைக் கண்டுபிடிக்க அந்த முகத்தைத் தவிர வேறெந்த வழியும் இருந்திருக்கவில்லை என்பதை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

நாங்கள் போனபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு துண்டு. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, பஸ் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா" என்றேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மாலதி சொன்னார். "பொழுது சாய்ஞ்சா துண்ட விரிச்சு ஒக்காந்துடுவாங்க. அந்த நேரத்துக்கு நாங்க டி.வி. சத்தத்தக் கொறச்சுடுவோம். என்ன கேக்கறாங்கன்னு தெரியாது. கேக்கட்டும்னு விட்டுடுவோம்."

நான் இங்கே என் பாயில் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், அம்மாவும் அங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாருடைய துஆவுக்கு இது பதில் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அம்மா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். நோய் குறையவில்லை. என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. சில நாள் என்னைத் தங்கச்சி என்று நினைத்துச் சண்டை போடுவார். பரவாயில்லை, பக்கத்தில் இருந்து சண்டை போடுகிறார். நானா ஒவ்வோர் இரவும் கடையைச் சாத்திவிட்டு வந்து, அம்மாவுக்குத் தன் கையால் சோறு ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். மாலதி வீட்டு அறுவடைக்கு நாங்கள் போகிறோம், எங்கள் பெருநாளுக்கு அவர்கள் வருகிறார்கள். நான் செல்வி டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனேன். திரை எதையாவது கேட்டால், புரியாமல் ஆமாம் சொல்வதில்லை.

என் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. நேற்றுகூட வீட்டுக்காரர் போன் வராமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். ஆனால் பயம் போன பிறகுதான் எழுந்து நடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அந்த நினைப்பை அல்லாஹ் என்னிடமிருந்து எடுத்துவிட்டான்.

இதைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது, போனது போனதுதான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். கடைக்காரர் சொல்லியிருக்கலாம், டாக்டர் சொல்லியிருக்கலாம், சொந்த அண்ணனே சொல்லியிருக்கலாம். அவர்கள் அறிந்ததைச் சொன்னார்கள். அறியாத ஒன்றை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் கேளுங்கள். இன்னது வேண்டும் என்று வாய் திறந்து, தெளிவாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். பயம் வந்தால் வரட்டும். பயத்தோடுதான் நான் போனேன், அவன் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உங்களையும் அனுப்ப மாட்டான்.